விருத்தாப்பியத்தில் ஒரு பிஸ்டல்

சித்தூர் ஜில்லாவின் பழைய மிராசுக் குடும்பங்களிலும், திருப்பதியில் நகையும் ரொக்கமும் புழங்கும் வர்த்தகர் இல்லங்களிலும், லைசென்ஸ் பெற்ற பிஸ்டல் ஒன்று எண்ணெய்த் துணி சுற்றியபடி பெரியவரின் இரும்புப் பெட்டிக்குள் பல வருஷங்களாக உறங்குவதுண்டு. 9 மில்லிமீட்டர் போன்ற ராணுவ ரகங்கள் சாதாரணப் பிரஜைக்கு மறுக்கப்பட்ட நம் தேசத்தில், அது பெரும்பாலும் .32 என வழங்கும் 7.65 மில்லிமீட்டர் ரகமாகவே இருக்கும். அமெரிக்கரான ஜான் பிரௌனிங் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலைக்காக வகுத்த அந்தத் தோட்டாவுக்கு, நம் அரசாங்க ஆயுதத் தொழிற்சாலைகள் இன்றும் பிஸ்டல் செய்து தருகின்றன.

வெடியின் வேகமே மேற்சட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி, வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, சுருள்வில்லின் பலத்தால் சட்டம் முன்னே திரும்புகையில் அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு குண்டுக்கும் விசையை இழுத்தாக வேண்டுமாதலால் இதனை அரைத் தானியங்கி என்கிறார்கள். முதுமைக்கு இடையூறாவதும் அந்தச் சுருள்வில்தான். இளமையில் அநாயாசமாக இழுத்த சட்டத்தை, மூட்டுவாதம் பிடித்த விரல்கள் பாதி வரை இழுத்து நழுவ விடுகின்றன. அதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு: அடியிலுள்ள மேகசினைக் கழற்றிவிட்டால் ஆயுதம் காலியாகிவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது, குழலுக்குள் ஏறிய ஒரு தோட்டாவோ அங்கேயே இருக்கிறது. ஆகையால் முதலில் மேகசினைக் கழற்றி, பிறகு சட்டத்தை முழுவதும் இழுத்து, குழலின் வாயைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு நிச்சயித்த பின்னரே துடைக்க உட்கார வேண்டும். இதைத் தனியே செய்ய இயலாதவர் அந்த ஆயுதத்தை வைத்திருக்கலாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

பராமரிப்பு அப்படியொன்றும் கடினமன்று. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் கைவியர்வையின் உப்பும் இரும்பைத் தின்றுவிடுமாதலால், தொட்டபோதெல்லாம் துடைத்து மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். மிகுதியாகப் பூசினால் அது தூசியைச் சேர்த்துப் பிசினாகிவிடும். தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; அதற்குள் நிரந்தரமாக வைக்கக் கூடாது. பழுது கண்டால் வீட்டிலே அரத்தை எடுக்காமல், லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடம் கொண்டுபோவதே விவேகம்.

பலர் அறியாத சட்டவிதி ஒன்று இருக்கிறது. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயது நிறைந்தாலும், ஆயுதத்தை வைத்திருந்து 25 வருஷங்கள் கழிந்தாலும், இவற்றில் எது முந்துகிறதோ அப்போதே, தாம் விரும்பும் வாரிசின் பெயருக்கு லைசென்ஸ் வழங்கும்படி அவர் ஜீவியவந்தராக இருக்கும்போதே கேட்கலாம். அவ்வாறு செய்யாமல் காலமாகிவிட்டால், துக்க வீட்டார் அந்த ஆயுதத்தைத் தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்தாக வேண்டும்; தெரியாமல் வைத்திருந்தாலும் சட்டம் அவர்களைக் கேள்வி கேட்கும். 2019-ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் மூன்றல்ல, இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம் என்பதையும் வாரிசுகள் நினைவிற்கொள்ள வேண்டும்.

2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி ஜில்லாவாகிவிட்டது. எழுபதைக் கடந்த பெரியோர்களே, உங்கள் மனு போகவேண்டியது சித்தூர்க் கலெக்டருக்கா, திருப்பதிக் கலெக்டருக்கா என்று விசாரித்துக்கொண்டு, கையெழுத்து நடுங்குமுன் அதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.