தறிக்காரர் மகன் தந்த நூலகங்கள்

தறியோசை கேட்டு வளர்ந்தவன் நான். ஆதலால் ஆண்ட்ரூ கார்னகியின் வரலாறு என் நெஞ்சைத் தொட்டது. ஸ்காட்லாந்தில் 1835-இல் பிறந்தவர் அவர். நீராவித் தறிகள் பெருகவே, கைத்தறி நெசவாளரான தந்தை பிழைப்பிழந்தார். குடும்பம் 1848-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறிற்று. பஞ்சாலையில் சிறுவன் பெற்ற வாரக்கூலி 1 டாலர் 20 சென்ட். ஆண்டர்சன் என்னும் பெரியவர் உழைக்கும் சிறுவர்க்குத் தம் புத்தகங்களை இரவல் தந்தார். அவற்றைக் கற்றவர் தந்தி, இரயில்வே, எஃகு எனப் படிப்படியாய் உயர்ந்தார். 1901-இல் ஆலைகளை விற்றார். அவர் பொருளால் எழுந்த நூலகங்கள் 2,500-க்கும் மேல்.

ஆயினும் 1892-இல் அவரது ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக்குறைப்பை எதிர்த்த தொழிலாளர் சிலர் மோதலில் உயிரிழந்தனர்.

சிவகிரியில் தறியில் அமர்ந்திருந்த என் தந்தையாரிடம் இதைச் சொன்னேன். "கூலியை ஒழுங்காக் குடுத்துட்டுல்லா புத்தகம் குடுத்திருக்கணும்" என்றார்.

நண்பர்களே, கொடையை வாழ்த்துவோம், கூலியை மறவோம்!