முதிய தம்பதியரின் கடல் கடந்த ஊழியம்

இளைப்பாறிய ஒருவர் தம் மனைவியோடு பிறநாடு சென்று ஊழியம் புரிகிறார் என்றால், தெருத்தெருவாகப் பிரசங்கம் செய்வார் என்றே நாம் எண்ணுவோம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மோர்மன் சபை அனுப்பும் மூத்த தம்பதியரோ பெரும்பாலும் கணக்கெழுதுவர். இளம் ஊழியரின் வாடகை வீடுகளைக் கவனிப்பர். ஆலயப் பணி செய்வர். காலம் 6 மாதம் முதல் 23 மாதம் வரை. செலவு அவர்களுடையதே. பணத்திலும் பெரிய செலவு ஒன்றுண்டு: பேரப்பிள்ளை பிறந்த செய்தியும், உடன்பிறந்தார் மறைந்த செய்தியும் தொலைவிலிருந்தே கேட்க நேரலாம்.

ஊர் பார்ப்பது ஓய்வு நாளிலேதான். இங்கிலாந்தின் சோர்லி நகரில் 1998 இல் திறக்கப்பெற்ற ஆலயத்தில் பணிபுரிவோருக்கு, பிரெஸ்டன் நகரின் ரிபிள் ஆறு அண்மையிலே உள்ளது. அந்நாட்டில் இச்சபையின் முதல் ஞானஸ்நானம் 1837 ஜூலை 30 அன்று அங்கே நிகழ்ந்தது. ஒன்பதின்மரில் முதலாமவர் யார் என்பதை ஓட்டப் பந்தயமே தீர்த்ததாம்; வென்றவர் ஜார்ஜ் வாட். பின்னர் பல்லாயிரவர் லிவர்ப்பூலிற் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். அவர்தம் வழிவந்த முதியோர் இன்று அக்கரையில் நின்று பார்க்கின்றனர். அயலூர்த் தேவாலயக் கல்லறைகளிலே தம் குடும்பப் பெயரைத் தேடுவதில் ஓய்வு நாள் முழுதும் கழிந்துவிடுவதும் உண்டு.