கல்லீரலைச் சுற்றிப் போகும் இரத்தம்

இறைச்சி தின்ற சற்று நேரத்தில் யார்க்‌ஷயர் டெரியர் நாய்க்குட்டி சுவரில் தலையை அழுத்திக்கொண்டு அப்படியே நிற்கும். கூப்பிட்டால் திரும்பாது. எச்சில் ஒழுகும், ஒரே இடத்தில் வட்டமடிக்கும், சிலதுக்கு வலிப்பே வந்துவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போலத் துள்ளும். பார்ப்பவர்கள் மூளைக் கோளாறு என்றுதான் நினைப்பார்கள். கோளாறு இருப்பதோ வயிற்றுக்குள், ஓர் இரத்தக்குழாயில்.

குடலிலிருந்து வரும் இரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைந்து, சுத்தமான பிறகே இதயத்துக்குப் போக வேண்டும். கருவில் இருக்கும்வரை இந்த வேலையைத் தாயின் உடல் பார்த்துக்கொள்வதால், குட்டிக்குக் கல்லீரலைத் தாண்டிப் போக ஒரு குறுக்குக்குழாய் உண்டு. பிறந்த சில நாட்களில் அது மூடிக்கொள்ளும். ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட், லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில் சில குட்டிகளுக்கு அது மூடாமலே நின்றுவிடுகிறது. சிறிய இனங்களிலோ பெரும்பாலும் கல்லீரலுக்கு வெளியே, இருக்கவே கூடாத ஒரு குழாய் முளைத்திருக்கும். இரண்டுக்கும் பெயர் ஷன்ட். குடல் பாக்டீரியா புரதத்திலிருந்து உண்டாக்கும் அம்மோனியா, கல்லீரலில் யூரியாவாக மாறாமல் மூளைக்குப் போய்ச் சேர்கிறது.

இந்தத் தொடர்பு தெரிய வந்ததும் நாய்களால்தான். 1877இல் ரஷ்ய மருத்துவர் நிகோலாய் எக், எட்டு நாய்களுக்கு இதே குறுக்குவழியைக் கத்தியால் உண்டாக்கினார். ஒன்றுதான் இரண்டரை மாதம் தாக்குப்பிடித்தது; அதுவும் ஆய்வகத்தை விட்டு ஓடிவிட்டது! 1893இல் உடலியலாளர் பாவ்லோவின் குழு அப்படிப்பட்ட நாய்களுக்கு இறைச்சி போட்டுப் பார்த்தது. அவை தள்ளாடின, பார்வை மங்கியது, வலிப்பு வந்தது.

சரி, மருந்தா, அறுவையா?

மருந்து நஞ்சைக் குறைக்கும். மனிதர்களுக்கு மலச்சிக்கலுக்குத் தரும் லாக்டுலோஸ் சிரப்தான் இங்கேயும் முதல் ஆயுதம். செரிக்காத இந்தச் சர்க்கரையைக் குடல் பாக்டீரியா புளிக்க வைக்கும்; அந்த அமிலத்தில் அம்மோனியா அம்மோனியமாக மாறி, இரத்தத்தில் ஏறாமல் மலத்தோடு வெளியேறும். கூடவே ஆன்டிபயாட்டிக், அளவான நல்ல புரதம். குட்டி தெளிந்துவிடும். ஆனால் போதிய இரத்தம் வராத கல்லீரல் சிறுத்தே கிடக்கும்.

அறுவையின் நோக்கம் அந்த இரத்தத்தைத் திருப்பிவிடுவது. குழாயைக் கட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். வளராத கல்லீரலுக்குள் அவ்வளவு இரத்தமும் ஒரேயடியாகப் பாய்ந்தால் அழுத்தம் எகிறி நாய் செத்தே போகலாம். அதற்குத்தான் அமிராய்டு வளையம். வெளியே எஃகு, உள்ளே பாலில் இருக்கும் கேசீன் புரதம். குழாயைச் சுற்றி மாட்டிவிட்டால், கேசீன் உடல்நீரை உறிஞ்சி உள்பக்கமாக ஊதும். சில வாரங்களில் குழாய் அடைபடும். அதற்குள் கல்லீரல் வளரத் தொடங்கியிருக்கும். கால்நடை அறுவையில் இதைவிடப் பொறுமையான கருவியை நான் கேள்விப்பட்டதில்லை.

2014இல் ஓர் அமெரிக்க கால்நடை மருத்துவ இதழில் வந்த ஆய்வு, பிறவி ஷன்ட் உள்ள 124 நாய்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அறுவை செய்துகொண்டவை தெளிவாகவே கூடுதல் காலம் வாழ்ந்தன. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல என்பதால், வித்தியாசம் முழுவதையும் கத்தியின் கணக்கில் எழுதிவிட முடியாது. அறுவைக்குப் பிறகு சில நாட்களுக்குள் வரும் கடும் வலிப்பும் ஒரு சில நாய்களைக் கொன்றுவிடுகிறது. இருந்தும், ஒற்றைப் பிறவி ஷன்ட், நல்ல நிபுணர், தாங்கக்கூடிய செலவு என்று மூன்றும் அமைந்தால் என் ஓட்டு அறுவைக்கே. மருந்து அதுவரை குட்டியைத் தேற்றி வைக்கட்டும். நடுவயதில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டு, உணவு மாற்றத்திலேயே நன்றாக இருக்கும் நாயை மேசையில் கிடத்த நான் அவசரப்பட மாட்டேன்.

ஒரு வகைக்கு மட்டும் விவாதமே இல்லை. கல்லீரல் நோயால் அழுத்தம் ஏறி, பிற்காலத்தில் தாமாகவே பல குழாய்கள் திறந்திருந்தால், அவை அழுத்தத்தை வடிக்கும் வழிகள். அவற்றை அடைத்தால் நாய் பிழைக்காது. அதனால்தான் பித்த அமிலப் பரிசோதனை கல்லீரல் கோளாறைக் காட்டிக்கொடுத்த பிறகும், குழாய் ஒன்றா பலவா என்று சிடி ஸ்கேனில் பார்க்காமல் மருத்துவர் கத்தியைத் தொடுவதில்லை.