பலாப்பழம் நுழையுமா?

மஞ்சக்குப்பத்தில் என் அத்தை வீட்டுச் சமையலறையை மாற்றிக் கட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும் ஓடோடிப் போனேன். கட்டடத்தைப் பார்ப்பதற்கல்ல, அத்தைக்கும் மருமகளுக்கும் நடக்கும் விவாதத்தைக் கேட்பதற்கு!

விவாதம் எதைப் பற்றி என்கிறீர்களா? பிரிட்ஜைப் பற்றித்தான். பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை ஒரு வண்ணப் படம் அனுப்பியிருந்தான். படத்தில் பளபளவென்று மேடை இருந்தது. வரிசையாக அலமாரிகள் இருந்தன. பிரிட்ஜை மட்டும் காணோம். "அந்த மூணாவது அலமாரிக் கதவு இருக்கே, அதுதான் பிரிட்ஜ்" என்று மருமகள் பெருமையுடன் விளக்கினாள்.

அத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஏம்மா, அதுல பண்ருட்டிப் பலாப்பழம் நுழையுமா?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் நேயர்களே, யோசித்துப் பாருங்கள்! பிரிட்ஜ் வாங்கும் சாஸ்திரமே அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. பெட்டி அழகாயிருக்கிறதா என்பது இரண்டாம் பட்சம். நம் வீட்டுச் சாமான் அதற்குள் போகுமா என்பதுதான் முதல்.

கூடத்திலிருந்து மறைவிடத்துக்கு

ஒரு காலத்தில் நம் நாட்டுக்கு ஐஸ் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது என்றால் நம்புவீர்களா? பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னையில் அந்த ஐஸைச் சேமிக்க 1842-ல் எழுந்த கட்டடம்தான் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ்; இன்றைய விவேகானந்தர் இல்லம். 1958-ல் கோத்ரெஜ் கம்பெனி இந்தியாவிலேயே பிரிட்ஜ் செய்யத் தொடங்கியது. அதன் பிறகும் வெகு காலம் பிரிட்ஜ் உள்ள வீடுகளில் அது கூடத்தில்தான் நின்றது. வருகிறவர்கள் பார்க்க வேண்டுமல்லவா? இப்போதோ பிரிட்ஜ் இருப்பதே தெரியாமல் ஒளித்து வைப்பதுதான் அந்தஸ்து! காலத்தின் கோலத்தைப் பாருங்கள்.

மூன்று வகை

கடையில் உள்ள பெட்டிகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, தனித்து நிற்கும் சாதாரணப் பெட்டி. நம் சமையல் மேடையின் ஆழம் பெரும்பாலும் இரண்டு அடி. பெரிய பிரிட்ஜ்களோ இரண்டேகால், இரண்டரை அடி ஆழம் இருக்கும். ஆகவே அவை மேடை வரிசையைத் தாண்டித் தொந்தி மாதிரி முன்னே தள்ளிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது, மேடை ஆழத்துக்கென்றே ஒட்டிச் செய்த பெட்டி. உடல் ஏறக்குறைய மேடையோடு நின்றுவிடும். கதவும் பிடியும் மட்டும் இரண்டு மூன்று அங்குலம் வெளியே வரும். வராவிட்டால் கதவு நன்றாகத் திறக்காது. பார்வைக்கு லட்சணம், ஆனால் ஆழம் குறைந்த அளவுக்கு இடமும் குறையும். அகலமான பாத்திரத்தைக் குறுக்காகத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, சுவரோடு பதிக்கும் பெட்டி. படத்தில் ஒளிந்திருந்ததே, அதுதான். அதன் முகத்தில் நம் அலமாரிப் பலகையையே மாட்டிக்கொள்ளலாம். விலை சில லட்சங்கள் வரை போகும். பலகை வேலைக்கும் தச்சனுக்கும் ஆகும் செலவு தனி. மஞ்சக்குப்பம் போன்ற கடலோர ஊரில் சாதாரணப் பலகை ஈரக்காற்றில் உப்பிவிடும். ஈரம் தாங்கும் கடல்தரப் பிளைவுட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். பலகை கனத்துப் போனால் கதவின் கீல் தொங்கிவிடும். எத்தனை கிலோ தாங்கும் என்று குறிப்புப் புத்தகத்திலேயே போட்டிருப்பார்கள்.

அளவு நாடாவை எடுங்கள்

பிரிட்ஜ் நிற்கப் போகும் இடத்தை எல்லோரும் அளக்கிறார்கள். அது வரப்போகும் வழியை யாரும் அளப்பதில்லை! அத்தை வீட்டுச் சமையலறை நிலைக்கதவின் அகலம் இரண்டரை அடி. பிள்ளை தேர்ந்தெடுத்த பெட்டியோ மூன்று அடி. வெளிவாசல், திண்ணைப் படி, நடைத் திருப்பம், நிலை எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்ட பிறகே கடைக்குப் போங்கள்.

இன்னொன்று: கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? பக்கத்தில் சுவர் இருந்தால் பாதி திறந்ததுமே இடிக்கும். கதவு பாதிதான் திறந்தால் உள்ளே இருக்கும் காய்கறி இழுப்பறை வெளியே வராது. சுத்தம் செய்யும்போதுதான் இந்த வேதனை புரியும்.

பெட்டியும் மூச்சு விட வேண்டும்

அத்தை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு குடும்பம். பதிக்கும் பெட்டிக்குப் பணம் இல்லை. ஆசை மட்டும் இருந்தது. சாதாரணப் பெட்டியையே நாலு பக்கமும் பலகை அடித்து மூடச் சொன்னார்கள். தச்சரும் நூல் பிடித்த மாதிரி கச்சிதமாக அடித்துக் கொடுத்தார். தை மாதத்தில் கிரகப்பிரவேசம். சித்திரை வெயிலில் பால் திரிந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து வாங்கி வைத்த மீன் மறுநாளே வாடை அடித்தது. மின்சாரக் கட்டணமோ எகிறியது.

காரணம் எளிது. பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே உள்ள சூட்டை எடுத்து வெளியே விடுகிறது. விட்ட சூடு போக வழியில்லாவிட்டால் இயந்திரம் ஓயாமல் ஓடும். பதிக்கும் பெட்டிகளில் சூடு வெளியேற அடியிலோ உச்சியிலோ வழி வைத்தே செய்திருப்பார்கள். மற்றவற்றுக்குப் பின்னும் பக்கமும் மேலும் குறிப்புப் புத்தகத்தில் சொன்ன இடைவெளியை விட்டே தீர வேண்டும்.

அத்தையின் இரண்டாவது கேள்வி

அன்று மாலை அத்தை தணிந்த குரலில் இன்னொரு கேள்வி கேட்டாள்: "கரண்ட் போனா மாமா மருந்துக்கு என்ன பண்றது?"

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. மின் கம்பங்கள் சாய்ந்தன. பல இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மாமாவுக்கு இன்சுலின் தினமும் போட வேண்டும். அத்தை மண்பானையை ஈரத் துணியால் சுற்றி, இருட்டறையில் காற்றுப்படும் மூலையில் வைத்து, தண்ணீர் படாதபடி டப்பாவில் மூடி, அதற்குள் மருந்தைக் காப்பாற்றினாள். பல லட்சம் ரூபாய்ப் பெட்டியும் மின்சாரம் இல்லாதபோது வெறும் அலமாரிதான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே சில விஷயங்களை மனத்தில் வையுங்கள். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தால் வீண். அதனால் ஐஸ் அறையை ஒட்டியும் குளிர்காற்று வரும் துவாரத்தின் எதிரிலும் வைக்கக் கூடாது, கதவிலும் வேண்டாம். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய பெட்டி சுமார் நாலு மணி நேரம் குளிரைக் காக்கும். நிறைந்த ஐஸ் அறை இரண்டு நாள்கூடத் தாங்கும். 'இன்வெர்ட்டர் கம்ப்ரஸர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, கரண்ட் போன பின்னும் ஓடும் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்! அது தேவைக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்தும், அவ்வளவுதான். நட்சத்திர முத்திரையில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அதையும் பார்த்து வாங்குங்கள்.

2015 வெள்ளத்தைக் கண்ட கடலூர்க்காரர்களுக்கு மற்றொரு யோசனை. பெரும்பாலான பெட்டிகளில் கம்ப்ரஸர் அடியில்தான் இருக்கிறது. அரை அடி உயரத்தில் உறுதியான மேடை கட்டி அதன்மேல் நிறுத்துவது புத்திசாலித்தனம். உப்புக் காற்று உலோகத்தை அரிப்பதால், பின்புறம் துரு பிடிக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். பழுது பார்க்க ஆள் கடலூரிலேயே இருக்கிறாரா, புதுச்சேரியிலிருந்து வரவேண்டுமா, சென்னையிலிருந்தா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பதித்த பெட்டி பழுதானால் அலமாரியையும் அல்லவா கழற்ற வேண்டும்?

முடிவு

இரண்டு நாள் விவாதத்துக்குப் பிறகு சமரசம் ஏற்பட்டது. மேடை ஆழத்துப் பெட்டி. இரண்டரை அடி நிலையில் நுழையும் அகலம். கீழே சிமெண்டு மேடை. பக்கங்களில் மூச்சு விட இடம். பதிக்கும் பெட்டிக்கு ஆகியிருக்கக்கூடிய பணத்தில் மிஞ்சியது, பிரிட்ஜைத் தாங்கக்கூடிய பெரிய இன்வெர்ட்டருக்குப் போயிற்று. வரிசை கெடாமல் அழகாயிருக்கிறது என்பதில் மருமகளுக்குத் திருப்தி. மாமாவின் மருந்து நடுத்தட்டில் தனி டப்பாவில் பத்திரமாயிருக்கிறது என்பதில் அத்தைக்குத் திருப்தி.

சென்ற மாதம் போயிருந்தபோது, "பலாப்பழம் நுழைந்ததா அத்தை?" என்று கேட்டேன்.

"முழுசா நுழையலை. சுளையா உரிச்சு, இறுக மூடின டப்பாவிலே போட்டு வெச்சிருக்கேன். இல்லேன்னா பால் பூரா பலா வாசனை அடிக்குமே!" என்றாள் அத்தை.

பின்புறம் எட்டிப் பார்த்தேன். கிணற்றடி மூலையில் அந்தப் பழைய மண்பானை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. "இது எதற்கு இன்னும்?" என்றேன்.

"இருக்கட்டும்டா. ஐப்பசி வரப்போகுதில்லே?" என்றாள்.