நம் அயலவர் எப்படிப் பிரார்த்திக்கிறார்கள்?



"கார்மேல் பாத்திமாக் கல்லூரி கிறிஸ்தவப் பாடசாலைதானே உம்மா, அதுக்கு ஏன் எங்கட பாத்திமா நாயகியின்ட பேரு?" கல்முனைப் பக்கத்துப் பிள்ளைகள் இப்படிக் கேட்டால் பதில் சொல்லத் தடுமாறும் தாய்மார் பலர்.

போர்த்துக்கல் நாட்டில் பாத்திமா என்று ஓர் ஊர் உண்டு. முஸ்லிம்கள் அந்நாட்டைப் பல நூற்றாண்டுகள் ஆண்ட காலத்தின் சுவடு அந்த அறபுப் பெயர். 1917 மே 13ஆம் திகதி அங்கே ஆடு மேய்த்த மூன்று சிறுவர்கள் மர்யம் (அலை) அவர்களைக் கண்டதாகக் கூறினார்கள். அன்று முதல் கத்தோலிக்கர் அவரைப் 'பாத்திமா அன்னை' என்றும் அழைக்கின்றனர். அந்த வழியில் வந்ததே இப்பெயர்.

ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறும் நாம், அயலவரின் வணக்கத்தைப் பற்றி அறிந்திருப்பது சொற்பமே.

இரு பிரிவினர்

நம் பகுதிக் கிறிஸ்தவர்களில் கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் முக்கியமானவர்கள். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் என்ற பாதிரியாருடன் இப்பகுதியில் மெதடிஸ்த திருச்சபை தொடங்கியது. அவர் மறு வருடமே இறந்துபோனார். அவர் தொடங்கிய பாடசாலை இன்றும் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக மட்டக்களப்பில் இயங்குகிறது.

ஞாயிறு வழிபாடு

ஈஸா (அலை) சிலுவையில் மரித்து, மூன்றாம் நாள் ஞாயிறன்று உயிர்த்தெழுந்தார் என்பது அவர்களது நம்பிக்கை. ஆகவே ஞாயிறு அவர்களின் கூட்டு வணக்க நாள். கத்தோலிக்கரின் வழிபாடு 'திருப்பலி' எனப்படும். முதலில் வேத வாசகமும் பிரசங்கமும் நடைபெறும். பின்னர் அப்பமும் திராட்சை இரசமும் ஆசீர்வதிக்கப்படும். ஒரு காலத்தில் இலத்தீன் மொழியில் நடந்த இவ்வழிபாடு, 1962 முதல் 1965 வரை கூடிய வத்திக்கான் சங்கத்தின் பின்னரே தமிழுக்கு வந்தது. மெதடிஸ்தரின் ஆலயங்களில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் முதலிடம். மர்யம் (அலை) அவர்களிடம் பரிந்துரை கேட்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

வீட்டுப் பிரார்த்தனை

ஈஸா (அலை) கற்பித்ததாக எல்லாப் பிரிவினரும் ஓதும் பிரார்த்தனை ஒன்றுண்டு. இறைவனைப் புகழ்வது, அன்றாட உணவைக் கேட்பது, பாவமன்னிப்புக் கேட்பது, தீமையிலிருந்து காவல் தேடுவது என்பன அதில் அடங்கும். கத்தோலிக்கப் பெண்கள் கையில் வைத்திருக்கும் செபமாலையில் 59 மணிகள் இருக்கும். தஸ்பீஹ் மணி உருட்டும் நம் மூதாட்டிகளுக்கு அக்காட்சி அந்நியமானதல்ல. உயிர்த்த ஞாயிறுக்கு முன்னர் 40 நாள் தவக்காலம். அதில் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் கத்தோலிக்கரின் நோன்பு நாட்கள். அந்நாட்களில் ஒரு வேளை மட்டுமே முழு உணவு உண்பார்கள், இறைச்சியைத் தவிர்ப்பார்கள்.

நமது எல்லை

ஈஸா (அலை) அல்லாஹ்வின் அடியார், தூதர் என்பது நமது ஈமான். அவரை இறைமகன் என்பதையோ சிலுவையில் கொல்லப்பட்டார் என்பதையோ நாம் ஏற்பதில்லை. இதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆனால் கேலியாகச் சொல்லக் கூடாது. மர்யம் (அலை) அவர்களின் பெயரால் குர்ஆனில் ஒரு ஸூராவே இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக்குழுவினர் மதீனாப் பள்ளிவாசலிலேயே கிழக்கு நோக்கித் தம் வணக்கத்தை நிறைவேற்ற நபி (ஸல்) அவர்கள் இடமளித்தார்கள் என ஸீரா நூல்கள் கூறுகின்றன. மார்க்க விவாதமும் நடந்தது, மரியாதையும் குறையவில்லை.

மரண வீட்டுக்காகவோ திருமணத்துக்காகவோ ஆலயத்துக்குச் செல்ல நேர்ந்தால் தயங்க வேண்டாம். அப்பம் வாங்க எழுந்து செல்வது கிறிஸ்தவர்களுக்கே உரியது. நாம் அமைதியாக அமர்ந்திருந்தால் யாரும் குறையாக எண்ண மாட்டார்கள்.

மறக்க முடியாத ஞாயிறு

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆகிய ஆலயங்களில் பிரார்த்திக்க வந்தவர்கள் மீது குண்டுகள் வெடித்தன. ஹோட்டல்களும் தாக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஐந்தாம் நாள் நம் சாய்ந்தமருதிலேயே அந்தக் கும்பலைச் சேர்ந்தவர்கள் குண்டை வெடிக்க வைத்தார்கள். அதில் சிறுவர்களும் பலியானார்கள். இதைச் செய்தவர்கள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொன்னார்கள் என்பதே பெரும் வேதனை. பள்ளிவாசல்களோடு சேர்த்து கிறிஸ்தவ ஆலயங்களையும் குர்ஆன் ஸூரா ஹஜ்ஜின் 40ஆம் வசனத்தில் குறிப்பிட்டு, அவை இடிக்கப்படுவதைத் தீமையாகவே பேசுகிறது.

வெறுப்பு, அறியாமை இருக்கும் வீட்டில் எளிதாகக் குடியேறும். நம் பிள்ளைகள் பக்கத்து வீட்டாரைப் பற்றி முதலில் கேட்பது நம்மிடம்தான். அந்தக் கேள்விக்கு உண்மையும் ஒழுக்கமுமான பதிலைச் சொல்வது தாய்மாராகிய நம் அமானிதம்.