திருமலைச் சுவரைப் படிக்க ஆள் வேண்டும்!

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது புத்தலப்பட்டு. சேத்துப்பட்டு, செங்கற்பட்டு போல ஒலிக்கும் பெயர். 1911-ல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது, அதன் பெரும் பகுதி வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து வந்ததுதான். இந்த மாவட்டத்தில் பல வீடுகளில் இன்றும் பேச்சு தமிழ். பிள்ளைகள் பள்ளியில் படிப்பதோ தெலுங்கு அல்லது ஆங்கிலம்.

அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை சரித்திரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டால் அடுத்து என்ன? முன்பெல்லாம், "எம்.பில். சேர்ந்துவிடு" என்பார்கள்.

வெள்ளோட்டம்

எம்.ஏ. வரை பெரும்பாலும் பிறர் எழுதிய சரித்திரத்தைப் படிக்கிறோம். எம்.பில். படிப்பில் மாணவர் தாமே ஒரு சிறு பொருளை எடுத்துக்கொண்டு, மூல ஆதாரங்களைத் தேடிப் படித்து, ஆய்வேடு எழுத வேண்டும். ஓராண்டு முதல் இரண்டு ஆண்டு வரை பிடிக்கும். பி.எச்.டி. என்ற பெரிய பயணத்துக்கு அது வெள்ளோட்டம்.

அந்த வெள்ளோட்டம் இப்போது இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிகளோடு எம்.பில். நிறுத்தப்பட்டது. யாரும் சேர வேண்டாம் என்று 2023 டிசம்பரில் எச்சரிக்கையும் செய்தது. முன்பே முறையாகப் பெற்ற பட்டத்துக்குப் பாதகமில்லை. ஆனால், விளம்பரத்தை நம்பி இனிப் பணம் கட்டினால் பணமும் போகும், காலமும் போகும்.

இன்று எம்.ஏ.யில் 55 சதவீதம் எடுத்தவர் நேராகப் பி.எச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். நான்காண்டுப் பட்டப் படிப்பு என்றால் 75 சதவீதம் வேண்டும்.

ஆயிரம் கல்வெட்டுகள்

படிப்பு போனாலும், ஆராயவேண்டிய பொருள் போகவில்லை. அது பக்கத்திலேயே இருக்கிறது.

திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. மிகப் பெரும்பாலானவை தமிழ்! சாது சுப்பிரமணிய சாஸ்திரி இவற்றை ஆராய்ந்து எழுதிய அறிக்கையைத் தேவஸ்தானம் 1930-ல் வெளியிட்டது. தொடர்ந்து கல்வெட்டுகளும் ஆங்கில மொழிபெயர்ப்போடு தொகுதி தொகுதியாக வந்தன.

இவற்றை வைத்துத்தான் பர்ட்டன் ஸ்டெயின் என்ற அமெரிக்கர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கோயிலுக்கு வந்த பொன்னும் பணமும் பெட்டியில் தூங்கவில்லை. கோயில் கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டச் செலவாயின. அதனால் பெருகிய விளைச்சலில் சுவாமிக்கு அமுதுபடி நடந்தது என்று அவர் காட்டினார்.

பிரசாதத்தில் கொடையாளிக்கு உரிய பங்கு நாலில் ஒன்று. கல்வெட்டில் அதன் பெயர் "விட்டவன் விழுக்காடு". மானியம் விட்டவனுக்கு விழும் பங்கு! சிகாகோவில் அகராதி புரட்ட வேண்டிய சொல், சித்தூர்ப் பாட்டிக்குக் கேட்டதும் விளங்கிவிடும்.

எழுத்து முக்கியம்

ஆனால், பேச்சுத் தமிழ் மட்டும் போதாது. பழைய எழுத்தின் வடிவம் வேறு. இடையிடையே கிரந்தமும் வரும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். கல்வெட்டுப் பயிற்சியோடு கூடிய முதுநிலைப் பட்டயப் படிப்பைத் தமிழ்நாடு தொல்லியல் துறை சென்னையில் நடத்துகிறது. திருப்பதியிலேயே 1954-ல் தோன்றிய வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முதல் படி வீட்டில்தான். அப்பா குமாஸ்தாவாக இருக்கலாம், ஆலைத் தொழிலாளியாக இருக்கலாம். மாலையில் அரை மணி நேரம் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்க அதிகப் படிப்பு தேவையில்லை. தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டால், தாத்தா மொழியில் உள்ள கல்வெட்டைப் பேரன் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படிக்க வேண்டியிருக்கும்.