மின் கட்டணம் தானாகப் போகலாமா? சித்தூர், திருப்பதி நுகர்வோர் முன் ஒரு கேள்வி

புது தில்லி: மாதந்தோறும் வரும் மின் கட்டணத்தை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ள அனுமதிப்பதா, பட்டியலைப் பார்த்த பின் தாமே செலுத்துவதா? சித்தூர், திருப்பதி மாவட்ட நுகர்வோர் வசதியை மட்டும் பார்த்து இதற்கு விடை காண முடியாது.

இவ்விரு மாவட்டங்களுக்கும் மின்சாரம் வழங்குவது, திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரப் பிரதேச தெற்கு மின் பகிர்மான நிறுவனம். 2022-23-ம் ஆண்டில் எரிபொருள், மின் கொள்முதல் ஆகியவற்றுக்கு ஆன கூடுதல் செலவாக, மாநிலம் முழுவதும் ரூ.6,000 கோடிக்கு மேல் வசூலிக்க மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் அனுமதி அளித்தது. பழைய மின்சாரத்துக்குப் புதிய கட்டணமா என்று ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் அதே ஆண்டு டிசம்பரில் போராட்டம் நடத்தியது. அக்கட்சி ஆட்சியில் வந்த சுமையே இது என்று தெலுங்கு தேசம் பதிலளித்தது.

பட்டியலைப் படிப்பவருக்கே இத்தகைய கூடுதல் கட்டணம் தெரியும். பணம் தானாகக் கழியும் வீட்டில் அது கவனிக்கப்படாமலே போய்விடக்கூடும்.

ரிசர்வ் வங்கியின் பாதுகாப்பு

கார்டு, யுபிஐ மூலம் தொடர்ந்து பணம் எடுக்க அளிக்கப்படும் ஒப்புதல்களுக்கு ரிசர்வ் வங்கி 2019 முதல் விதிகளை வகுத்தது. அவை 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும். அம்மாதத் தொகையை மட்டும் நிறுத்தவோ, ஒப்புதலையே ரத்து செய்யவோ அவருக்கு உரிமை உண்டு. மாதத்துக்கு மாதம் மாறும் கட்டணங்களுக்கு உச்சவரம்பையும் அவரே நிர்ணயிக்கலாம். கூடுதல் சரிபார்ப்பின்றி எடுக்கக்கூடிய தொகை 2022 ஜூனில் ரூ.15,000 ஆக உயர்த்தப்பட்டது.

கணக்கில் பணம் இல்லாவிட்டால்...

நாடாளுமன்றம் 2007-ல் நிறைவேற்றிய பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-வது பிரிவு, போதிய இருப்பின்றி மின்னணுப் பணப் பரிமாற்றம் திரும்புவதைக் காசோலை திரும்புவதற்கு இணையாகக் கருதுகிறது. நோட்டீஸ் கிடைத்த 15 நாள்களுக்குள் பணம் செலுத்தத் தவறினால், இரண்டாண்டு வரை சிறை அல்லது தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

சித்தூரில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையிலோ பெங்களூரிலோ பணிபுரிவோருக்குத் தானியங்கி முறை உதவியே. அவர்கள் வழக்கமான கட்டணத்தைவிடச் சற்றே கூடுதலாக உச்சவரம்பை வைத்தால், திடீரென உயரும் தொகை கேட்காமல் கழியாது. ஆனால், அம்மாதக் கட்டணத்தைக் கெடு தேதிக்குள் தாமே செலுத்தியாக வேண்டும். எந்த முறையைத் தேர்ந்தாலும், பட்டியலைப் படிக்கும் பொறுப்பு மட்டும் நுகர்வோரை விட்டு நீங்குவதில்லை.